ஆறு பேருக்கான மேசை

டெய்ரி ஃபார்ம்,
ஸ்ரீ விஜய புரம் (முன்னர் போர்ட் பிளேயர்).
3 பிப்ரவரி 2025

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கைபேசிக்கு ஒன்பது முறை அழைத்தேன். ஐந்து முறை கச்சால் தீவில் சிக்னல் இல்லை. நான்கு முறை மணி முழுவதுமாக அடித்து ஓய்ந்தது. அந்த நான்கின் பொருள் எனக்கு விளங்குகிறது. ஆகவே எழுதுகிறேன்.

சென்ற மாதம் பதினெட்டாம் தேதி மாலை, சென்னையிலிருந்து நாம் வந்த உல்லாசக் கப்பலில் நிகழ்ந்ததைப் பற்றித் தாங்கள் அறிய வேண்டிய சில விவரங்கள் உள்ளன. அக்கப்பலில் பயணச்சீட்டோடு சேர்ந்த சாப்பாடு ஐந்தாம் தளத்துப் பெரிய கூடத்தில் மட்டுமே கிடைக்கும். ஒன்பதாம் தளத்தில் இருந்த சிறப்பு உணவகம் தனி ஏற்பாடு. அதற்குத் தலைக்கு ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் கூடுதல் கட்டணம், வரி தனி. கப்பல் ஏறுவதற்கு முன்பே செயலியில் மேசை பதிவு செய்ய வேண்டும். ஒரு பதிவுக்கு அதிகபட்சம் ஆறு பேர். நான்கு மணி நேரத்துக்கு முன் ரத்து செய்யாவிட்டால் கட்டணம் திரும்பாது. கூப்பனைக் கிழித்துக் கொடுத்துத் தட்டை நீட்டும் நம் தீவுக் கப்பல் முறை அங்கு இல்லை. நான் பதிவு செய்தது ஆறு பேருக்கு: நாங்கள் மூவர், சம்பந்தி வீட்டார் மூவர். ஏழாவது பெயரை அச்செயலி ஏற்காது.

வாயிலில் இருந்த பணியாளர் என்னிடம் கேட்டது என் பதிவைப் பற்றிய கேள்வி. நான் அளித்தது அப்பதிவைப் பற்றிய பதில். அதற்கு வேறு பொருள் கொள்ளப்பட்டிருப்பின் வருந்துகிறேன்.

தாங்களும் சரசு மதினியும் அன்று அவ்வுணவகத்தின் வாயிலில் வரி உட்பட 2,950 ரூபாய் செலுத்தியதாகப் பின்னர் அறிந்தேன். அமராமலே திரும்பிவிட்டீர்கள். அமர்த்தப்படாத விருந்தினரிடம் பெற்ற கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்பது அவர்களுடைய பதினொன்றாம் விதி. மூன்று மின்னஞ்சல்களில் அதைச் சுட்டிக்காட்டி, முழுத் தொகையையும் மீட்டுவிட்டேன். அறைகள் என் பெயரில் இருந்தமையால் பணம் என் கணக்குக்கு வந்தது. காசோலை இத்துடன் உள்ளது.

ஹரிணியின் திருமணம் வைகாசி 25, ஞாயிறு. தாய்மாமனாகத் தாங்கள் வருவதை உறுதி செய்தால் மண்டபத்தில் அறை ஒதுக்க வசதியாக இருக்கும்.

இங்ஙனம்,
ஆவுடையப்பன்

*

கச்சால்
19 பிப்ரவரி 2025

மாப்பிள்ளைக்கு விஜயன் எழுதுவது.

உங்கள் கடிதம் கப்பலில் வந்து சேர்ந்தது. உங்கள் ஊருக்கு என் பெயரை வைத்துவிட்டார்கள் என்று சரசு சிரித்தாள். ஊரே என் பெயரில் இருக்கிறது, உங்கள் மேசையில்தான் எனக்கு இடம் இல்லை.

காசோலையைத் திருப்பி அனுப்புகிறேன். கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கிழித்தால் அதற்கும் ஒரு விதி சொல்வீர்கள்.

உங்களுக்குத் தெரியாத விவரத்தை நான் சொல்கிறேன். அன்று மத்தியானம் அறை வாசலில் நின்று, "அந்த ஹோட்டல் ஃபுல் ஆயிடுச்சு மச்சான், நீங்க கீழேயே சாப்பிட்டுக்குங்க" என்று சொன்னீர்கள். சரி என்றோம். சாயங்காலம் சரசு கடல் பார்க்க வேண்டும் என்றாள் என்று ஒன்பதாம் மாடிக்குப் போனோம். வாசலில் கோட்டு போட்டு நின்ற நாகராஜ் நம் போர்ட் பிளேயர் ஜங்லிகாட்காரன். பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"அண்ணே, கச்சாலா? எங்க சித்தப்பா அங்கதான் ரப்பர் பால் வெட்டினாரு. ஃபுல்லுன்னு யாரு சொன்னா? நாலு டேபிள் காலியா கெடக்கு. புக்கிங் இல்லாமலும் ஒக்காரலாம், துட்டு மட்டும் கட்டணும்."

"உள்ள எங்க தங்கச்சி குடும்பம் இருக்கு தம்பி. சம்பந்தி வூட்டுக்காரங்களும் இருக்காங்க."

"அப்ப பக்கத்துலயே ரெண்டு சேர் போட்டுடறேன். அசந்து போவாங்க பாருங்க."

சரசு அறைக்கு ஓடிப்போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். ஹரிணிக்கு வாங்கி வைத்திருந்த கம்மல் டப்பாவையும் எடுத்து வந்தாள். பணம் கட்டினோம். நாகராஜ் முன்னால் போனான், நாங்கள் மூன்று அடி பின்னால். ஹரிணியும் மாப்பிள்ளைப் பையனும் போட்டோ எடுக்க வெளியே போயிருந்தார்கள். அவன் உங்களிடம் குனிந்து கப்பல் பாஷையில் கேட்டான், "சர், யே லோக் ஆப்கே சாத் ஹை?" என்று. இவர்கள் உங்களோடு வந்தவர்களா என்று கேட்கிறான். நீங்கள் மெனு அட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நஹி. ஹமாரே சாத் நஹி ஹை" என்றீர்கள்.

எங்களுடன் இல்லை. அவ்வளவுதான். நாங்கள் திரும்பிவிட்டோம். நாகராஜுக்குத்தான் முகம் செத்துப்போச்சு. பணத்தைத் திருப்பித் தர ஓடி வந்தான். வேண்டாம் தம்பி என்று வந்துவிட்டேன்.

ஏன் இந்தியில் சொன்னீர்கள், மாப்பிள்ளை? அவன் தமிழன் என்று உங்களுக்கும் தெரியும். திருச்சிக்காரச் சம்பந்திக்கு இந்தி புரியாது, அதனால்தானே? எனக்குப் புரியும். இந்தத் தீவில் ராஞ்சிக்காரனோடும் பெங்காலியோடும் ஐம்பது வருஷமாக அந்தப் பேச்சுத்தான் பேசுகிறேன்.

அப்புறம், எனக்குக் கடல் மயக்கம், அதனால்தான் இரண்டு நாளும் அறையை விட்டு வரவில்லை என்று ஹரிணியிடம் சொன்னீர்களாம். ரப்பர் தோட்டத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் சொன்னேன். கச்சால்காரனுக்குக் கடல் மயக்கமா என்று ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

கல்யாணத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை.

விஜயன்

*

டெய்ரி ஃபார்ம்,
ஸ்ரீ விஜய புரம்.
2 மார்ச் 2025

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தை நான்கு முறை வாசித்தேன். மறுத்துரைக்கத்தக்க பிழை ஏதேனும் அதில் உண்டா என்று தேடினேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. ஒன்றே ஒன்று அகப்பட்டது: காலியாக இருந்த மேசைகள் நான்கல்ல, மூன்று. அதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சிறு ஆறுதலை நினைத்து இப்போது கூசுகிறேன்.

மூன்று காலி மேசைகளை நான் எண்ணியிருக்கிறேன் என்றால், உணவகம் நிரம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. ஆம். அன்று நண்பகலில் தங்களிடம் நான் சொன்னது பொய். இருபத்தாறு ஆண்டுகளாகக் கப்பல் பயணச்சீட்டு அலுவலகத்தில் இருக்கிறேன். இடம் இருக்கும்போது இல்லை என்று ஒரு பயணியிடம்கூடச் சொன்னதில்லை. முதன்முறையாகச் சொன்னது என் மனைவியின் அண்ணனிடம்.

அவ்வுணவகத்தில் உடை விதி ஒன்று உண்டு: ஆண்கள் மூடிய காலணி அணிந்திருக்க வேண்டும். தாங்கள் தோல் செருப்பு அணிந்திருந்தீர்கள். அவ்விதியின் பொருட்டே தங்களைத் தவிர்த்தேன் என்று எழுத நினைத்து ஒரு பக்கம் எழுதியும் விட்டேன். பிறகு, நாகராஜ் அச்செருப்பைப் பார்த்த பின்னும் தங்களை உள்ளே அழைத்து வந்தார் என்பது நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

தங்கள் கடிதத்தைத் தங்கள் தங்கை சொர்ணத்திடம் கொடுத்தேன். அந்த மாலைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசுவதெல்லாம் "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்ற ஒரே வாக்கியம். கடிதத்தை வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

"இதுல எம் பேரு எத்தன தடவ வருது, பாத்தீங்களா?"

நான் எண்ணவில்லை என்றேன்.

"நீங்க எண்ணாததா? ஒரு தடவ கூட இல்ல. நானும் அந்த மேசையிலதான ஒக்காந்திருந்தேன். வாயத் தொறக்கலியே. அண்ணன் என்னையும் உங்க பக்கம் சேத்துட்டாரு."

அதன்பின் சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் திறந்தே இருந்தது.

மச்சான், என்மேல் தங்களுக்குள்ள கோபம் நியாயமானது. ஆயினும் தாய்மாமன் மாலை போடாமல், கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துவராமல் ஹரிணி எப்படி அமர்வாள்? அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. மாமா என்ன நிறப் புடவை எடுத்து வருவார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆவுடையப்பன்

*

கச்சால்
16 மார்ச் 2025

மாப்பிள்ளைக்கு,

சொர்ணத்தின் பெயரை வேண்டுமென்று விடவில்லை. எழுதினால் அவளையும் கேள்வி கேட்க வேண்டி வரும் என்று விட்டேன். அவளிடம் சொல்லுங்கள்.

ஒரு விஷயம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை. சொர்ணத்துக்கே பாதிதான் தெரியும், அவள் பிறந்தது இங்கே வந்த பிறகு.

இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து எங்களை இந்தியாவுக்கு அனுப்பியபோது எனக்கு ஐந்து வயது. எனக்கு மேலே மரகதம் என்று ஓர் அக்கா. அவளுக்கு எட்டு வயது. அவளை அத்தை வளர்த்ததால் அத்தை வீட்டுக் குடும்ப கார்டில் அவள் பெயர் ஏறிவிட்டது. அத்தை குடும்பத்துக்கு அந்த நாட்டிலேயே இருக்கக் குடியுரிமை எழுத்து. எங்களுக்கு இந்தியா. துறைமுகத்தில் அக்கா அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றாள். பேப்பரைப் பார்த்த ஆள் கேட்டான், "இந்தப் புள்ள ஒங்க கூடவா?" என்று.

கார்டில் இல்லாத பிள்ளையைக் கூட்டிப்போனால் எல்லாரையும் இறக்கிவிடுவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அப்பா சொன்னார், "எங்க கூட இல்லீங்க" என்று. அக்கா அவர் கையை விட்டுவிட்டாள். அவராக விடவில்லை, அவள்தான் விட்டாள். நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அப்பா முப்பத்தொரு வருஷம் உயிரோடு இருந்தார். சாப்பிட உட்கார்ந்தால் முதல் உருண்டையைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைப்பார். கடைசி வரைக்கும் அதைத் தின்னவே மாட்டார். காக்காய்க்கு என்பார்.

உங்களைக் குத்திக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அந்தச் சிவஞானத்தின் மகன் எனக்கு அந்த வார்த்தையை இரண்டாவது தடவை கேட்கிற மாதிரி ஆனது, அவ்வளவுதான். ஆனால் அப்பாவுக்கு ஒரு பயம் இருந்தது. பின்னால் பெண்டாட்டி பிள்ளைகள், முன்னால் கப்பல். அவரை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

உங்களுக்கு என்ன பயம், மாப்பிள்ளை? ஏசி ரூம், மேசையில் துணி, பக்கத்தில் பெண்டாட்டி. எதைக் கண்டு பயந்தீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள். விதி எழுதாதீர்கள்.

விஜயன்

*

டெய்ரி ஃபார்ம்,
ஸ்ரீ விஜய புரம்.
30 மார்ச் 2025

மச்சான் அவர்களுக்கு,

இக்கடிதத்தைப் பத்து நாட்களாக எழுதுகிறேன். தாங்கள் கேட்டது ஒரு கேள்வி. அதற்கு ஒரு சொல்லில் விடை உண்டு. அச்சொல்லை எழுதத்தான் இத்தனை நாள்.

எஸ்டேட்.

சென்ற ஆண்டு புரட்டாசியில் சம்பந்தி முத்துகிருஷ்ணன் முதன்முறை தொலைபேசியில் பேசியபோது, சொர்ணத்தின் பிறந்த வீடு எப்படி என்று கேட்டார். "எஸ்டேட் குடும்பம்" என்றேன். அவர், "ஓ, எஸ்டேட்டா! எத்தனை ஏக்கர்?" என்றார். அந்த இடத்தில் நான் திருத்தியிருக்க வேண்டும். "கச்சாலில் அறுநூறு ஹெக்டேருக்கு மேல் ரப்பர்" என்றேன். தோட்டத்தின் பரப்பு அதுதான். யாருடையது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று தலைமுறை எஸ்டேட் என்றேன். அதுவும் உண்மை: தங்கள் பாட்டனார் கொழுந்து பறித்தார், தந்தை பால் வெட்டினார், தாங்களும் வெட்டுகிறீர்கள். ஒவ்வொரு சொல்லும் சரி. மொத்தமும் பொய். என் தொழிலில் இதற்குப் பெயர், பத்திரங்கள் செல்லும், பயணி வேறு ஆள் என்பது.

அதற்குப் பிறகு அப்பொய்யை வைத்துக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. தாங்களும் கப்பலில் வர வேண்டும் என்று ஹரிணி பிடிவாதம் செய்தாள். மறுக்க முடியவில்லை. தங்களுக்கு மூன்றாம் தளத்தில் சன்னல் இல்லாத அறையும் எங்களுக்கு எட்டாம் தளமும் எடுத்தேன். கட்டண வேறுபாடு காரணம் என்றேன். உண்மையில் நான் விலைக்கு வாங்கியது இடையிலிருந்த ஐந்து தளங்களை. ஆறு பேருக்கான மேசையும் அவ்வாறே. இரண்டு பதிவுகளாகப் போட்டு மேசைகளைச் சேர்த்துக் கொள்ளலாம் என்ற வசதி செயலியிலேயே இருந்தது. படித்தேன். மூடிவிட்டேன்.

அன்று தாங்கள் மூன்றடி தூரத்தில் நின்றபோது நான் பார்த்தது தங்கள் கைகளை. பால் காய்ந்து கறுத்த விரல்கள். சம்பந்தி அவற்றோடு கை குலுக்கினால் ஒரு நொடியில் எல்லாம் தெரிந்துவிடும் என்று பயந்தேன். அதுதான் பயம். அந்த விரல்களைக் கண்டு.

சொர்ணத்தை எனக்குத் தரும்போது, மணவறையில் அவள் கையை என் கையில் பிடித்துக் கொடுத்ததும் அதே விரல்கள்தான். தங்கள் தந்தைக்கு அன்று கண் தெரியாமல் போயிருந்தது.

இதற்குமேல் என்னால் எழுத இயலவில்லை.

ஆவுடையப்பன்

*

கச்சால்
13 ஏப்ரல் 2025

மாப்பிள்ளைக்கு,

எஸ்டேட் குடும்பம்! படித்துவிட்டுச் சரசு, "இனிமே காலைல நாலு மணிக்குப் பால் வெட்ட என்னைய எழுப்பாதீங்க, மொதலாளியம்மா தூங்குறேன்" என்கிறாள். இரண்டு நாளாக இந்தக் கேலிதான். அவள் சிரிக்கிறபோது அழுகிறாளோ என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். இரண்டும்தான்.

நீங்கள் எழுதியது கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒரு மனுஷன் எழுதியது மாதிரி இருந்தது.

எனக்கு எழுதிவிட்டீர்கள், சரி. ஆனால் பொய் சொன்னது என்னிடம் மட்டும் இல்லையே. அந்தப் பிள்ளை நாளைக்கு அந்த வீட்டில் போய் வாழ வேண்டும். இல்லாத பங்களாவைத் தலையில் சுமந்துகொண்டு எத்தனை வருஷம் நடப்பாள்? "உங்க மாமா எஸ்டேட்லேர்ந்து என்ன வந்துச்சு" என்று மாமியார் கேட்டால் என்ன சொல்வாள்? சம்பந்தியிடம் நீங்கள் வாயால் சொல்லுங்கள். தமிழில். ஹரிணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். அதற்குப் பிறகு கல்யாணம் நடந்தால் எழுதுங்கள். நடக்காவிட்டாலும் எழுதுங்கள்.

விஜயன்

*

டெய்ரி ஃபார்ம்,
ஸ்ரீ விஜய புரம்.
29 ஏப்ரல் 2025

மச்சான் அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன்.

மண்டபம் பார்ப்பதற்காகச் சம்பந்தி வீட்டார் சென்ற வாரம் வந்திருந்தார்கள். சனிக்கிழமை மாலை அனைவரும் வண்டூர் கடற்கரைக்குச் சென்றோம். சொர்ணம் உடனிருந்தாள். ஹரிணியும் மாப்பிள்ளை ஸ்ரீநிவாஸும் சற்று முன்னே நடந்துகொண்டிருந்தார்கள். அழைத்து நிறுத்தினேன். மணலில் நின்றுகொண்டே சொன்னேன். எழுதி மனப்பாடம் செய்து போனதில் முதல் வரிக்குப் பிறகு எதுவும் நினைவில்லை. தோட்டம் தங்களுடையது அல்ல, தாங்கள் அதில் தொழிலாளி என்றேன். கப்பலில் தங்களுக்கு மயக்கம் இல்லை என்றேன். உணவகத்தில் நடந்ததைச் சொன்னேன். இந்தியில் சொன்னதைத் தமிழில் சொன்னேன்.

முதலில் பேசியது சம்பந்தியின் மனைவி பானு அம்மையார்.

"அப்ப அன்னிக்குக் கையில ஒரு டப்பாவோட நின்னாங்களே ஒரு அம்மா, அவங்கதானா? நான் கேட்டேனே உங்கள, யாரோ நம்மளத் தெரிஞ்ச மாதிரியே பாக்குறாங்கன்னு. மேசை மாறி வந்திருப்பாங்கன்னு சொன்னீங்க!"

ஆம் என்றேன்.

"ஐயோ, எவ்ளோ அழகா சிரிச்சாங்க அவங்க" என்று சொல்லி அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முத்துகிருஷ்ணன் காலணியைக் கழற்றி மணலைத் தட்டினார். "எஸ்டேட் வேணும்னு நாங்க கேக்கலியே சார். எங்கப்பா திருச்சி மார்க்கெட்ல மூட்டை தூக்கினவரு. அத நான் உங்ககிட்ட முதல் ஃபோன்லயே சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவர் அவ்வளவு எளிதாகச் சொன்னதுதான் அன்று எனக்கு விளங்காமல் போயிற்று.

பிறகு அவர் கேட்டார்: "நாளைக்கு எம் பையனுக்கு வேலை போயி உங்க வாசல்ல வந்து நின்னான்னா, அவனையும் இந்தியில சொல்லிடுவீங்களா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். சொர்ணம் அருகில் நின்றாள். அவளும் எனக்காக எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததும் தவறு.

திருமணம் நடக்கும். "பொண்ணு வேற, நீங்க வேற" என்று புறப்படும்போது சொன்னார்கள். அந்த வாக்கியம் எனக்கு அளிக்கப்பட்ட சலுகை என்பதையும், அதன் விலை என்ன என்பதையும் அறிவேன்.

ஹரிணி அன்று திரும்பி வரும்போது காரில் முன்இருக்கையில் அமர்ந்துகொண்டாள். வீட்டு வாசலில் இறங்கியதும் சொன்னாள்.

"மாமா வரலேன்னா மேளமும் வேணாம், தாலியும் வேணாம். ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கறேன். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடலாம்ப்பா. அதுக்கு ரூல் இருக்கு."

மச்சான், எனக்காக வர வேண்டாம். அவளுக்காக வருவீர்களா என்று கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை. அவள் தனியே தங்களுக்கு எழுதியிருக்கிறாள். அக்கடிதத்தை நான் பிரிக்கவில்லை, அஞ்சலில் மட்டும் சேர்த்தேன்.

ஆவுடையப்பன்

*

கச்சால்
14 மே 2025

மாப்பிள்ளைக்கு,

ஹரிணி எழுதியது கிடைத்தது. புடவை மாம்பழ நிறம், அரக்குக் கரை. சரசு எடுத்து வைத்துவிட்டாள்.

நானும் சரசுவும் வருகிறோம். மாமன் செய்ய வேண்டியதில் ஒரு குறையும் இருக்காது. மண்டபத்தில் எங்களுக்கு அறை வேண்டாம், ஜங்லிகாட்டில் நாகராஜ் வீட்டில் தங்கிக்கொள்கிறோம். அவன் இப்போது லீவில் வந்திருக்கிறான், கூப்பிட்டான்.

இன்னொன்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அங்கே வந்து பேச்சு வேண்டாம். முறை எல்லாம் செய்வேன். பந்தியில் கை நனைக்க மாட்டேன்.

விஜயன்

*

டெய்ரி ஃபார்ம்,
ஸ்ரீ விஜய புரம்.
15 ஜூன் 2025

மச்சான் அவர்களுக்கு,

தாங்கள் சொன்னபடியே எல்லாம் செய்தீர்கள். மாலை அணிவித்தீர்கள். கைப்பிடித்து அழைத்து வந்தீர்கள். மணவறைக்கு ஏறும் படியில் ஹரிணி தங்கள் தோளில் சாய்ந்து அழுததைப் பார்த்தேன். சம்பந்தி தங்கள் இரு கைகளையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினீர்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன்.

பந்தி தொடங்கியபோது தாங்கள் அமரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியை எடுத்தீர்கள். நான்கு பந்தியும் பரிமாறினீர்கள். தாய்மாமனே பரிமாறுகிறார், என்ன பாசம் என்று விருந்தினர்கள் வியந்தார்கள். நம் இருவரைத் தவிரக் காரணம் தெரிந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. என் இலைக்கும் வந்தீர்கள். "போதுமா?" என்றீர்கள். அன்று தாங்கள் என்னிடம் பேசிய ஒரே சொல். தலையசைத்தேன். தாங்கள் ஊற்றிய சாம்பாரைப் பிசைந்தேன். விழுங்குவதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. காரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன். பாருங்கள், அப்போதும் பொய்தான் வந்தது.

நான் கச்சாலுக்கு வர விரும்புகிறேன். தங்கள் வீட்டில் தங்கள் முன்னிலையில் சரசு மதினியிடம் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அவர்களுக்கு நான் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை என்பது நேற்றுத்தான் உறைத்தது.

கச்சால் பழங்குடியினர் பாதுகாப்புப் பகுதி, அங்கு வர அரசுப் பாஸ் வேண்டும் என்பதால் விண்ணப்பம் கொடுத்தேன். 'செல்லும் நோக்கம்' என்ற கட்டத்தில், 'மன்னிப்புக் கேட்க' என்று எழுதினேன். பாஸ் அலுவலகத்தில் இருக்கும் யோகராஜ் எனக்கு நெடுநாள் பழக்கம்.

"என்ன சார் இது? இருபத்தாறு வருஷமா எங்க ஃபாரத்தையெல்லாம் நீங்க திருப்பி அனுப்புனீங்க. இன்னிக்கு நான் அனுப்பணுமா? இப்படி எல்லாம் ஒரு கேட்டகரி கிடையாது. 'ரிஷ்தேதார் ஸே மில்னா'ன்னு போடுங்க, முடிஞ்சுது."

உறவினரைச் சந்திக்க. அப்படி எழுதும் தகுதியைத் தாங்கள்தான் தர வேண்டும், நானாக எழுதிக்கொள்ள இயலாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அங்கே வசிப்பவர் ஒருவரின் சம்மதக் கடிதம் எப்படியும் தேவை என்றும், அதில் உறவு முறை இன்னதென்று குறிப்பிட்டிருந்தால் அதன்படியே நிரப்பிக்கொள்வதாகவும் சொன்னார்.

தாங்கள் எழுதாவிட்டால் விண்ணப்பம் தானாகவே தள்ளுபடியாகும். அதில் தவறேதும் இல்லை.

ஆவுடையப்பன்

*

கச்சால்
28 ஜூன் 2025

யாருக்குக் காட்ட வேண்டுமோ அவர்களுக்கு:

டெய்ரி ஃபார்மில் குடியிருக்கும் ஆவுடையப்பன், வயது 50, என் தங்கை சொர்ணம்மாவின் புருஷன். எங்கள் வீட்டில் வந்து தங்க எனக்கும் என் மனைவி சரசுவுக்கும் சம்மதம். உறவு: மாப்பிள்ளை.

இப்படிக்கு,
சி. விஜயன், ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி

மாப்பிள்ளை, மேலே உள்ளதை யோகராஜிடம் கொடுங்கள். இதற்குக் கீழே உள்ளதைக் கிழித்து நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்க. சொர்ணத்தையும் கூட்டி வாங்க. வந்த அன்றைக்கு நான் உங்களோடு பேச மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன். காலையில் மரத்துக்குப் போய்விடுவேன். சரசுவும் பேசமாட்டேன் என்றுதான் சொல்கிறாள், ஆனால் அவளால் அரை நாளுக்கு மேல் முடியாது. இரண்டாம் நாள் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது.

இங்கே உங்களை இறக்கிவிட்டுப் போகிற கப்பல் திரும்பி வர ஒன்பது நாள் ஆகும். அதுவரைக்கும் நீங்களும் எங்கேயும் போக முடியாது, நானும் போக முடியாது.